தர்ம சாசனங்கள் திருத்தி எழுதப்பட்ட காலங்கள்

குடும்பச் சொத்தில் ஒரு பங்கைப் பிரித்து, கோயில் பூஜைக்கென்றோ சத்திரத்துக்கென்றோ பள்ளிக்கூடத்துக்கென்றோ எழுதிவைத்து, நடத்தும் பொறுப்பைத் தம் வாரிசுகளிடமே விட்டுச் செல்வது தென்பாண்டி நாட்டின் நெடுநாள் வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இந்த வழக்கம் வெவ்வேறு விதமாக வளர்ந்தது. முன்னதில் ஆண்டாள் கோயிலைச் சுற்றிக் கட்டளைகளாகவும் மண்டகப்படிகளாகவும் பெருகியது. பின்னதில் பருத்தி வணிகமும் நூற்பாலையும் தந்த செல்வத்தோடு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று விரிந்தது. எழுதிவைத்தவர் மறைந்த பிறகும் தர்மம் நடக்க வேண்டும் என்பதே எல்லாச் சாசனங்களின் நோக்கமும். ஆனால் பணத்தின் மதிப்பும் நிலவுடைமையும் வாரிசுரிமையும் வரிச்சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. மாற்றம் வந்தபோது பெட்டியைத் திறந்து சாசனத்தை எடுத்துப் பார்த்த குடும்பங்களின் தர்மம் நிலைத்தது. பார்க்காமல் விட்டவற்றை நீதிமன்றமோ அரசோ திருத்தியது. இல்லாவிட்டால் ஓசையில்லாமல் நின்றுபோயின.

கல்வெட்டுக் காலத்துச் சாசனத்தில் திருத்தம் என்ற எண்ணமே இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டிவிட்டால் அதுவே முடிவு. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நல்ல கணக்கும் இருந்தது. நந்தா விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். செத்த ஆட்டுக்கும் கிழடான ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர்களின் கடமை. திருச்செந்தூரில் உள்ள வரகுண பாண்டியனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்னும் தெளிவான சான்று. கோயிலுக்காக 1,400 காசு பல ஊர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும். முதல் காசாக இருந்தாலும் வட்டி நெல்லாக வந்ததால், விலைவாசி ஏறினாலும் பூஜைக்கான படி குறையவில்லை. பொறுப்பும் ஒரு குடும்பத்திடம் இல்லாமல் ஊர்ச்சபைகளிடம் இருந்தது. ஆகவே வாரிசு இல்லாமல் போவது, பங்காளிச் சண்டை போன்ற தொல்லைகளும் இல்லை. பிற்காலத்துக் குடும்பச் சாசனங்கள் தடுமாறிய இரண்டு இடங்களும் அந்தப் பழைய ஏற்பாட்டில் முன்கூட்டியே அடைபட்டிருந்தன.

ஊர்ச்சபைகள் மறைந்து, நாயக்கர், பாளையக்காரர் காலம் வந்தபோது தர்மத்தின் நடத்துநர் குடும்பத் தலைவர் ஆனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், மார்கழி எண்ணெய்க்காப்பு, பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் என்று ஆண்டு முழுவதும் உற்சவம். பெரிய கோயில் ஊர்கள் எல்லாவற்றிலும்போல இங்கும் உற்சவச் செலவு பல குடும்பங்களும் சமூகங்களும் பங்கிட்டுக்கொண்டதுதான். மண்டகப்படி என்றால் சுவாமி புறப்பாட்டில் ஓர் இடத்தில் எழுந்தருளச் செய்து உபசரிக்கும் உரிமை. பந்தல், வாழைமரம், மாலை, தளிகை, தீவட்டிக்கு எண்ணெய், மேளம், சுவாமி தாங்கிகளுக்கும் பரிசாரகர்களுக்கும் சம்பாவனை, வந்தவர்களுக்குப் பானகமும் சுண்டலும் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. இந்தச் செலவுக்காக ஒரு துண்டு நஞ்சையோ தோப்போ எழுதிவைக்கப்படும். சாசனத்தில் சொத்தின் நான்கெல்லை, செய்ய வேண்டிய கைங்கரியம், நடத்த வேண்டியவர்கள் ஆகியவை வரிசையாக வரும். கடைசியில் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ யாருக்கும் உரிமையில்லை என்றும், புத்திர பௌத்திர பாரம்பரியமாக நடத்திவர வேண்டும் என்றும் முடியும். இந்த வாசகங்கள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை.

புத்திர பௌத்திர பாரம்பரியம் என்ற அந்த ஒரு வரியில்தான் பின்னாள் சிக்கலின் வித்து இருந்தது. எழுதிவைத்தவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ‘முறை’ வரும். ஒவ்வொருவருக்கும் மும்மூன்று பிள்ளைகள் பிறந்தால், பேரன்மார் காலத்தில் முறை ஒன்பது ஆண்டுக்கு ஒன்று. கொள்ளுப்பேரன்மார் காலத்தில் அது இருபத்தேழு ஆண்டுக்கு ஒருமுறை. ஆயுளில் இரண்டு முறை தர்மத்தை நடத்துகிறவருக்குக் குத்தகைதாரரின் முகம் தெரியாது. வயலின் வரப்பு எங்கே என்று தெரியாது. சாசனம் எந்தப் பங்காளி வீட்டில் இருக்கிறது என்பதும் தெரியாது. பொறுப்பு பலராகப் பிரிந்ததும் அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போயிற்று. இரண்டாம் தலைமுறை முடிவதற்குள் எல்லா வகையறாவும் கூடி, கிளைக்கு ஒருவர் என்று ஒரு குழுவை எழுத்தில் அமைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. குடும்பத் தர்மத்தைப் பொறுத்தவரை மறுபார்வைக்கான முதல் காலக்கெடு தலைமுறை மாற்றமே. சட்டம் எதுவும் இதை நினைவூட்டுவதில்லை.

கம்பெனி ஆட்சி 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ஒழுங்குமுறை மூலம் கோயில், சத்திர மானியங்களின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயில்களை நிர்வகிக்கலாமா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பால் அரசு பின்வாங்கியது. 1863-ஆம் ஆண்டின் 20-ஆவது சட்டம் பொறுப்பை உள்ளூர்க் குழுக்களுக்கு மாற்றியது. இடையில் பதிவுச் சட்டம் வந்ததால் ஓலையிலும் வெறும் தாளிலும் இருந்த சாசனங்கள் பதிவு அலுவலகத்துக்கு நகர்ந்தன. 1882-இன் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கு மட்டுமே உரியது. சமய, அறப்பணிக் கொடைகளை அது தன் முதல் பிரிவிலேயே விலக்கிவிட்டது. அன்றிலிருந்து ‘குடும்ப டிரஸ்ட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, குடும்ப உறுப்பினர்களின் நலனுக்காகச் சொத்தை வைத்திருப்பது. மற்றது, குடும்பம் நடத்தும் பொதுத் தர்மம். முன்னதற்கு ஆயுள் வரம்பு உண்டு. பிறக்காத தலைமுறைகளுக்கெல்லாம் சொத்தை முடக்கிவைக்கச் சட்டம் இடம் தராது. பின்னதற்கு அந்த வரம்பு இல்லை.

திருத்தும் அதிகாரத்திலும் இந்த வேறுபாடு முக்கியம். தனியார் டிரஸ்டின் விதிகளை, உடன்படிக்கை செய்யத் தகுதியுள்ள பயனாளிகள் எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம். ரத்து செய்யும் அதிகாரத்தைச் சாசனத்திலேயே எழுதி வைத்துக்கொண்டிருந்தால் எழுதியவரே ரத்து செய்யலாம். பொதுத் தர்மத்தில் பயனாளி ஊரும் தெய்வமும் என்பதால் சம்மதம் கேட்க ஆளில்லை. சொத்தை முழுமையாக அர்ப்பணித்த பிறகு, அதிகாரத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளாத கொடையாளர்கூட ஒரு வரியை மாற்ற முடியாது. அந்தக் கால வக்கீல் குமாஸ்தாக்கள் பழைய மாதிரியைப் பார்த்து எழுதிய சாசனங்களில் இந்த ஒதுக்கீடு பெரும்பாலும் இருக்காது. தர்மத்தின் கால் உறுதியாக நிற்க வேண்டும் என்று நினைத்து, முட்டியே மடங்காதபடி கட்டிவிட்டார்கள்.

முதலில் அடிபட்டவை சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும். மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லத்துக்குப் போகும் பழைய பாதையில் இந்த இரண்டு ஊர்களும் அமைந்திருக்கின்றன. வண்டியிலும் கால்நடையாகவும் போகிறவர்களுக்கு இரவு தங்கலும் ஒருவேளைச் சோறும் அத்தியாவசியமாக இருந்தன. 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டது; அதையடுத்துப் பேருந்துகளும் பெருகின. வழிப்போக்கர்கள் குறைந்தார்கள், ஆனால் வழிப்போக்கருக்குச் சோறிட வேண்டும் என்ற சாசன வாசகம் அப்படியே இருந்தது. நோக்கம் நிறைவேற வழியில்லாதபோது அதற்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்கு வருமானத்தைத் திருப்ப நீதிமன்றத்தால் முடியும் என்பது ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த கோட்பாடு. வழிப்போக்கர் சோறு மாணவர் விடுதிச் சோறாக மாற இதில் இடமுண்டு. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 66-ஆவது பிரிவும் பின்னாளில் இதே வழியைத் திறந்தது. வழி இருந்தும், அதைத் தேடிப் போகும் ஆள் வேண்டுமே. கதவு பூட்டிய சத்திரத்தைப் பங்காளிகள் வாடகைக்கு விட்டு, இரண்டு தலைமுறை கழித்து அது சொந்தச் சொத்தென்று பாகம் பிரித்துக்கொண்ட கதை தமிழ்நாட்டின் எந்த வட்டாரத்துக்கும் புதிதல்ல.

1948-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட காலம் நிலத்தை நம்பிய தர்மங்களுக்குப் பெரும் சோதனை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தபோது, ராஜபாளையத்தை ஒட்டிய சேத்தூர் போன்ற ஜமீன்களின் தயவில் நடந்த கட்டளைகளுக்கு ஊற்று அடைபட்டது. 1955, 1956-ஆம் ஆண்டுகளின் குத்தகைச் சட்டங்கள் உழவரை வெளியேற்றுவதைத் தடுத்து, குத்தகைக்கும் உச்சவரம்பு வைத்தன. உழுபவருக்கு இது நியாயம்; சாசனத்தில் எழுதிய நெல்லைக் கோயிலுக்கு அளக்க வேண்டிய டிரஸ்டிக்கு இது புதிய கணக்கு. 1963-இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் இனாம் நிலங்களை ரயத்துவாரிப் பட்டாவாக மாற்றியது. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-இல் அது 15 ஆனது. பொது இயல்புள்ள சமய அறக்கட்டளைகளின் நிலத்துக்கு இதில் விலக்கு இருந்ததால், அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு கேள்வி எல்லோருக்கும் அவசரமாயிற்று: இந்தத் தர்மம் பொதுவா, தனியாரா?

சாசனத்தின் தலைப்பை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. கோயிலில் வழிபட ஊராருக்கு உரிமை உண்டா, கொடையாளர் யாருடைய நலனை எண்ணினார் என்பதே அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் 1956-இல் தேவகி நந்தன் வழக்கில் வகுத்தது. சொத்து முழுவதும் தர்மத்துக்கா, அல்லது வருமானத்தில் ஒரு பகுதி மட்டும் தர்மத்துக்குக் கட்டுப்பட்டு மீதி குடும்பத்துக்கா என்ற கேள்வியும் 1957-இல் தெளிவுபடுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கு பல குடும்பங்களை நேரடியாகத் தொட்டது. கணவரின் சமாதியில் நிரந்தரமாகப் பூஜை நடத்த எழுதிவைத்த சொத்தைச் செல்லத்தக்க சமயக் கொடையாக ஏற்க முடியாது என்று 1953-இல் தீர்ப்பாயிற்று. முன்னோர் சமாதியில் குருபூஜைக்கென்று மட்டும் எழுதப்பட்டவற்றுக்கு அது ஆபத்தை அறிவித்தது. அன்னதானமும் கல்வியும் சேர்த்து எழுதியவற்றுக்கு நிற்க வேறு தூண்கள் இருந்தன.

அறநிலையச் சட்டத்தின் வரலாற்றில் ராஜபாளையத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. நீதிக்கட்சி ஆட்சி 1920-களில் கொண்டுவந்த சட்டம் ஒரு வாரியத்தை அமைத்தது. அந்த வாரியத்தை நீக்கி, ஆணையர் தலைமையில் அரசுத் துறையை ஏற்படுத்திய 1951-ஆம் ஆண்டின் 19-ஆவது சட்டம், ராஜபாளையத்தில் பிறந்த பி. எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காலத்தில் (1949–52) நிறைவேறியது. உடுப்பியின் சீரூர் மடம் தொடுத்த வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம் அதன் பல பிரிவுகளைச் செல்லாதவை என்றது. அவற்றைச் சீர்செய்து 1959-இன் 22-ஆவது சட்டம் வந்தது; இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். கட்டளை என்று ஊரில் வழங்குவதை அது குறிப்பிட்ட நோக்கத்துக்கான அறக்கொடை என்று வரையறுத்து, பரம்பரை அறங்காவலர் என்ற நிலையையும் ஏற்றுக்கொண்டது. நிர்வாகத் திட்டம் வகுப்பதோடு, வகுத்த திட்டத்தைப் பின்னால் மாற்றவும் 64-ஆவது பிரிவில் அதிகாரிகளுக்கு வழி வைத்தது. தர்மத்தின் விதியைக் காலத்துக்கேற்ப மாற்றலாம் என்பதை அரசு சட்டத்திலேயே எழுதியது பெரிய திருப்பம். குடும்பம் தன் சாசனத்தில் எழுதாமல் விட்டதை, குடும்பத்துக்கு வெளியே இருக்கும் ஓர் அதிகாரி செய்யலாம் என்பது அதன் மறுபக்கம்.

குமாரசாமி ராஜா தம் ராஜபாளையம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். வருமானம் தரும் வயலை எழுதிவைக்கும் பழைய மரபிலிருந்து இது விலகிய கொடை. கட்டடமே இங்கு தர்மம். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருநெல்வேலி கலெக்டர் பென்னிங்டன் பெயரில் 1875-இல் தொடங்கி இன்றும் இயங்கும் நூலகத்தையும் இதோடு நினைக்கலாம். பூஜையும் சோறும் மட்டுமே தர்மம் என்ற எல்லை இரண்டு ஊர்களிலும் விரிந்ததற்கு இவை அடையாளம்.

ராஜபாளையத்தில் செல்வத்தின் வடிவமே மாறியது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் வந்தது. சத்திரப்பட்டி வட்டாரத்தில் கட்டுத்துணி நெசவு தழைத்தது. வயலுக்குப் பதில் கம்பெனிப் பங்கு குடும்பச் சொத்தானால், டிரஸ்டின் மூலதனமும் பங்காகவே அமையும்; ஆலை நகரங்களில் இந்தியா முழுவதும் இதுதான் நடந்தது. பங்கை வைத்திருப்பவருக்கு லாப ஈவு மட்டுமல்ல, ஓட்டும் உண்டு. தர்மத்தின் பெயரால் கம்பெனியைக் கைக்குள் வைத்துக்கொள்வதைத் தடுக்க, 1963-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, டிரஸ்டுகளின் ஓட்டுரிமை அரசு நியமிக்கும் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போனது. அறக்கட்டளைகள் தனியார் கம்பெனிப் பங்குகளை வைத்திருந்தால் வரிவிலக்கு இல்லை என்று வருமான வரிச் சட்டம் 1983-இல் இறுக்கியது. 1973 ஜூன் 1 அன்று மூலதனமாக இருந்த பங்குகளுக்கு மட்டும் விலக்கு. குடும்ப நலனுக்கான தனியார் டிரஸ்டுகளில், யாருக்கு எவ்வளவு என்று சாசனத்தில் சொல்லாமல் டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டவற்றை 1970-இலும் 1980-இலும் வந்த நிதிச் சட்டங்கள் உயர்ந்த வரி விகிதத்துக்குக் கொண்டுபோயின. பயனாளியின் பங்கை நிர்ணயிக்காமல் விடுவது அதுவரை வசதி. அதன்பின் அது செலவு. ஆடிட்டர் சொல்லித்தான் சாசனத்தை எடுத்துப் பார்ப்பது என்ற பழக்கம் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. மறைந்தவர் சொத்துக்கான எஸ்டேட் வரி 1953-இல் வந்து 1985-இல் போயிற்று. அந்த வரிக்கு அஞ்சி எழுதப்பட்ட டிரஸ்டுகளுக்கு, வரி போன பிறகும் தொடரக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மறுபார்வைதான். ஆனால் புதிய வரி வந்தபோது காட்டிய சுறுசுறுப்பைப் பழைய வரி போனபோது காட்டியவர்கள் குறைவு.

பெண்களின் இடம் பற்றிய மாற்றம் இவையெல்லாவற்றையும்விட ஆழமானது. பழைய சாசனங்கள் ஆண் வாரிசு, மூத்த ஆண் வாரிசு என்றே பேசும். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது. தமிழ்நாடு தன் திருத்தத்தின் மூலம் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. பரம்பரைப் பொறுப்பைப் பொறுத்தவரை சாசனம் வாரிசு வரிசையைச் சொல்லியிருந்தால் சாசனமே முதலில் பேசும். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வாரிசுரிமைச் சட்டம் நுழையும். சொத்தில் சம பங்கு பெற்ற மகள், அதே குடும்பத்தின் தர்மத்தில் பரிவட்டமும் கையெழுத்தும் இல்லாமல் நிற்கும் நிலை இதனால் வந்தது. ஆண் பிள்ளை இல்லாத கிளை குழுவிலிருந்தே மறைந்துபோன குடும்பங்களும் உண்டு. இதைச் சரிசெய்யாத எந்தத் திருத்தமும் அரைகுறைத் திருத்தமே.

குடும்பத்துக்குள் முடியாதது நீதிமன்றத்துக்குப் போகும். விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அறநிலையச் சட்டத்துக்கு உட்படாத பொதுத் தர்மங்களுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவுதான் வழி. தர்மத்தில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து வழக்குத் தொடுத்து, டிரஸ்டியை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் கோரலாம். முன்பு இதற்கு அட்வகேட் ஜெனரலின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1976-இன் திருத்தத்துக்குப் பின் அதற்குப் பதிலாக நீதிமன்ற அனுமதி வேண்டும். நீதிமன்றம் வகுக்கும் திட்டத்தில் டிரஸ்டிகள் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, காலியிடத்தை எப்படி நிரப்புவது, கணக்கை எப்போது தணிக்கை செய்வது எல்லாம் எழுதப்படும். பின்னால் தேவைப்பட்டால் மனுப் போட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வாசகமும் சேர்க்கப்படுவது வழக்கம். அந்த வாசகம் செல்லும், புதிதாக வழக்குத் தொடுக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் உறுதி செய்தது. கொடையாளர் முதலிலேயே எழுதியிருந்தால் செலவில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய ஏற்பாடு, பல ஆண்டு வழக்குக்குப் பின் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் வந்து சேர்கிறது.

அண்மைக் காலத்தில் மறுபார்வை காலக்கெடுவுள்ள கடமையாகவே ஆகிவிட்டது. ஒருமுறை பெற்றால் நிரந்தரம் என்றிருந்த வருமான வரிப் பதிவு, 2021 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதானது. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறிய அறக்கட்டளைகளுக்கு 2025-இன் நிதிச் சட்டம் இதைப் பத்தாண்டாக நீட்டியது. பதிவின் நிபந்தனைகளுக்குப் பொருந்தாதபடி நோக்கங்களை மாற்றினால் 30 நாளுக்குள் மறுபதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 2018 முதல் உண்டு. கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைத் தனியார் டிரஸ்டுக்கு மாற்றும்போது விதிவிலக்குக் கோருவதற்கான நிபந்தனைகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2017 டிசம்பரில் வெளியிட்டது. வட்டிக்கு விட்ட சிறு தொகைகளை நம்பும் பழைய கட்டளைகளுக்கு மட்டும் எந்த நோட்டீசும் வருவதில்லை. ஆயிரம் ரூபாய் வைப்புக்கு ஐந்து விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஐம்பது ரூபாய். அது ஒருகாலத்தில் ஒருநாள் தளிகைக்குப் போதுமானதாக இருந்தது, இன்று ஒரு முழம் மல்லிகைக்கே தட்டும். மூலதனத்தைக் கூட்டுவது, பல சிறு கட்டளைகளை ஒன்று சேர்ப்பது, தினம் நடந்ததை ஆண்டில் ஒருநாளாகச் சுருக்குவது என்று இவற்றுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் அறங்காவலர் குழுவின் தீர்மானம், அறநிலையத் துறைக்கு உட்பட்டதானால் துறையின் ஒப்புதல், துணைச் சாசனத்தின் பதிவு ஆகியவை தேவை.